மூன்றாவது போல்ட்

காலை ஏழு மணிக்கு முன்னால் வாசல் மணி அடித்தால் எங்கள் வீட்டில் யாரும் பதற மாட்டோம். "உன் மெக்கானிக் வந்துட்டாரு, சாவியக் குடு" என்று அம்மா அடுக்களையிலிருந்தே குரல் கொடுப்பாள். முந்தைய நாள் என் வண்டி வேலைக்குப் போய்த் திரும்பியிருந்தால் மறுநாள் காலை அவர் கேட்டுக்கு வெளியே நிற்பார். பெங்களூர் ஜீவனஹள்ளியில் இருக்கும் தன் ஷெட்டிலிருந்து ஆஸ்டின் டவுனில் எங்கள் வீட்டுக்கு ஸ்கூட்டரில் வருவார். உள்ளே வரமாட்டார், உட்கார மாட்டார், காபி வேண்டாம் என்பார். "சும்மா ஒரு தடவ பாத்துட்டுப் போயிடறேன் மேடம்." பானெட்டைத் திறப்பார். நேற்று தானே முடுக்கிய போல்ட்டுகளை இன்று மறுபடி முடுக்கிப் பார்ப்பார். பானெட்டைச் சாத்துவார். சாத்திய பானெட் சாத்தியிருக்கிறதா என்று ஒருமுறை தூக்கிப் பார்ப்பார். பிறகு, கழுவிய கையில் ஒட்டிய தண்ணீரை உதறுவது போல வலது கையை இரண்டு உதறு உதறிவிட்டுப் போவார். தெருமுனை வரை போனவர் ஸ்கூட்டரைத் திருப்பிக்கொண்டு வந்ததும் உண்டு.

அவர் பெயரை எழுதப் போவதில்லை. எழுதினால் ஜீவனஹள்ளியில் பாதிப் பேருக்கு ஆளைத் தெரிந்துவிடும். அது போகட்டும், அவரே படித்துவிட்டு, "எழுதுனத ஒரு தடவ சரியா பாத்தீங்களா மேடம்?" என்று கேட்பார். 

நான் பிசியோதெரபிஸ்ட். ஆஸ்பத்திரியில் உட்கார்ந்து பார்க்கிற ஆள் இல்லை. கீழே விழுந்து இடுப்பு உடைந்தவர்கள், பக்கவாதம் வந்தவர்கள், முட்டி மாற்றிக்கொண்டவர்கள் என்று வீடு வீடாகப் போய் நடக்க வைக்கிற வேலை. காலையில் அல்சூர், பத்து மணிக்கு ஃப்ரேசர் டவுன், மத்தியானம் இந்திரா நகர் என்று ஒரு நாளைக்கு ஐந்தாறு வீடு. பெங்களூரில் ஐந்தாறு வீடு என்றால் வாழ்க்கையில் பாதி சிக்னலில் போகிறது என்று அர்த்தம். எனக்குப் பொறுமை கிடையாது. நோயாளிகளிடம் எல்லாப் பொறுமையையும் செலவு செய்துவிடுவதால் மிச்ச உலகத்துக்குக் கொடுக்க ஒன்றும் இருக்காது. அதனால்தான் டர்போ வைத்த சின்ன பெட்ரோல் கார் ஒன்றைப் பழையதாக வாங்கினேன். பார்க்கப் பூனை மாதிரி இருக்கும், சிக்னல் விழுந்ததும் பாயும்.

இப்படிப்பட்ட எனக்கு இப்படிப்பட்ட மெக்கானிக். கடவுளுக்கும் பொழுதுபோக வேண்டாமா.

அவர் ஷெட்டில் ஒரு சட்டம் உண்டு. வேலை முடிந்ததும் வண்டிக்காரர் தன் கையாலேயே ஸ்பானரைப் பிடித்து ஒருமுறை திருப்பிப் பார்க்க வேண்டும். "நீங்களே பாருங்க சார். திரும்புதா? திரும்பலல்ல? சரி." வக்கீல்களும் ஐடி மேனேஜர்களும் சட்டைக் கையை மடித்துக்கொண்டு குனிந்து சக்கரத்து நட்டைத் திருகிப் பார்ப்பதை நானே பார்த்திருக்கிறேன். ஒரு ரிட்டயர்டு கர்னல் கோபித்துக்கொண்டார், "நான் எதுக்குய்யா பாக்கணும், நீதானே மெக்கானிக்" என்று. இவர் அசையவில்லை. "உங்க கையில ஒரு தடவ தெரிஞ்சிடட்டும் சார்" என்று ஸ்பானரை நீட்டியபடியே நின்றார். கர்னல் கடைசியில் திருப்பித்தான் பார்த்தார்.

இன்னொரு சட்டம் ஒரு சொல்லைப் பற்றியது. 'ஆய்த்து' என்று அந்த ஷெட்டில் யாரும் சொல்லக்கூடாது. பெங்களூரில் இருக்கிறவர்களுக்கு இதன் கொடுமை புரியும். ஊருக்குப் புதியவர்களுக்காகச் சொல்கிறேன். அது கன்னடச் சொல், நம் 'ஆயிற்று'க்குத் தங்கை. நாங்கள் தமிழ் பேசும்போதும் வாக்கியத்துக்கு ஒன்றாக அதைப் போட்டுக்கொள்வோம். ஆனால் அதற்கு இரண்டு வேலை. செய்து முடித்துவிட்டேன் என்றாலும் ஆய்த்து. சரி, செய்கிறேன் என்றாலும் ஆய்த்து. ஷெட்டில் டிங்கரிங் பார்க்கும் கன்னடக்காரர் ஒருவர் இருந்தார், இவர் வயதுதான். ஒருநாள் இவர் அவரிடம், "கூலன்ட் ஊத்து" என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறார். திரும்பி வந்து கேட்டபோது அவர் "ஆய்த்து" என்றார். ஊற்றுகிறேன் என்று அவர் சொன்னார், ஊற்றிவிட்டேன் என்று இவர் கேட்டுக்கொண்டார். வண்டி அல்சூர் ஏரிக்கரை வரை போய், புகை விட்டுக்கொண்டு நின்றது. இரண்டு பேர் மேலும் தப்பில்லை. அன்றிலிருந்து அந்தச் சொல்லுக்கு அங்கே தடை. வாய் தவறி யாராவது சொல்லிவிட்டால், "முடிஞ்சிதா, முடிக்கப் போறியா? ரெண்டுல ஒண்ணு சொல்லு" என்பார். எனக்கு இது பெரிய வேடிக்கை. வேண்டுமென்றே நாலு ஆய்த்து போட்டுப் பேசி அவர் முகம் போகிற போக்கைப் பார்ப்பேன்.

ஏன் இப்படி இருக்கிறார் என்று ஒரு நாள் கேட்டேன். பெரிதாக ஏதோ இருக்கும், எப்போதோ ஒரு நட்டு கழன்று யாருக்கோ ஏதோ ஆகியிருக்கும் என்று எதிர்பார்த்தேன். "அதெல்லாம் ஒண்ணும் இல்ல மேடம். ரெண்டு மூணு வருஷமாத்தான் இப்டி. வயசாவுதுல்ல" என்றார். அவருக்கு நாற்பத்தைந்துகூட இருக்காது. அவருடன் இருந்த அவருடைய அக்கா ஷெட்டுக்குப் பின்னால் இருந்த அறையிலிருந்து எட்டிப் பார்த்து, "கேஸ் அடுப்பயும் நாலு தடவ அணைக்கறான்மா. அணைச்ச அடுப்ப யாராவது அணைப்பாங்களா? லூசு" என்றாள். மூவரும் சிரித்தோம். அவரும் கையை உதறிக்கொண்டு சிரித்தார்.

'ரெண்டு மூணு வருஷமாத்தான்' என்று அவர் சொன்னதை நான் காதில் வாங்கிக்கொண்டேன். ஆனால் யோசிக்கவில்லை. இதை ஒரு நோயாளி சொல்லியிருந்தால் நோட்டில் எழுதியிருப்பேன்.

பிறகு என் வண்டிக்கு இழுவை போயிற்று. மேம்பாலம் ஏறும்போது யாரோ பின்னாலிருந்து பிடித்து இழுப்பது போல இருந்தது. ஆக்ஸிலேட்டரிலிருந்து காலை எடுத்தால் பானெட்டுக்குள்ளிருந்து புறா சிறகடிப்பது போல் படபடவென்று ஒரு சத்தம். நான் ஷெட்டுக்குக் கொண்டுபோன அன்று அங்கே இன்னொருவர் நின்றிருந்தார். இருபத்தைந்து வயதிருக்கும், விலையுயர்ந்த வண்டி, விலையுயர்ந்த செருப்பு. தன் டர்போ வண்டிக்கு, காலை எடுக்கும்போதெல்லாம் புஸ்ஸென்று சத்தம் வருகிற வால்வு ஒன்றைப் போடச்சொல்லி இவரைக் கெஞ்சிக்கொண்டிருந்தார்.

"சத்தம் வரணும்ணா. ரோட்ல எல்லாரும் திரும்பிப் பாக்கணும்."

"காத்து உள்ளயே திரும்பிப் போவணும் சார். வெளிய விட்டா இஞ்சினுக்குக் கணக்குத் தப்பிடும். சத்தம்தான் வேணும்னா ஒரு விசில் வாங்கி வாயில வெச்சிக்குங்க."

அந்த இளைஞர் முகத்தைத் தூக்கிக்கொண்டு போனபிறகு இவர் என் வண்டியின் சத்தத்தைக் கேட்டார். மூன்று தடவை காலை வைத்து எடுக்கச் சொன்னார். நான்காவது தடவையும் சொன்னார். பிறகுதான் வாயைத் திறந்தார்.

"பைபாஸ் வால்வு போயிடுச்சு மேடம். நீங்க கால எடுத்தாலும் டர்போ ஒடனே நிக்காது. அது பாட்டுக்குச் சுத்திக்கிட்டுக் காத்த அமுக்கிட்டே இருக்கும். முன்னாடி வழி மூடிட்டா அந்தக் காத்து எங்க போவும்? திரும்பி வந்து டர்போ மேலயே மோதும். அதுக்குத்தான் பக்கத்துல ஒரு சின்ன வால்வு. கால எடுத்தா தொறக்கும், கால வெச்சா மூடும். உங்களுதுல உள்ள ரப்பர் கிழிஞ்சிருக்கு. காத்து நிக்காம ஓடிட்டே இருக்கு."

"டர்போவையே மாத்தணும்னு வேற ஒரு இடத்துல சொன்னாங்களே அண்ணா."

"வீட்டுக் குழாய்ல வாஷர் போனா டேங்க்கையா மாத்துவீங்க?"

புது வால்வு சென்னையிலிருந்து வர வேண்டியிருந்தது. சனிக்கிழமை மத்தியானம்தான் வந்து சேர்ந்தது. எனக்கோ ஞாயிறு காலை எட்டு மணிக்குக் கிருஷ்ணகிரியில் இருந்தாக வேண்டும். தங்கை மகளுக்கு ஞானஸ்நானம், நான்தான் ஞானத்தாய். அம்மா ஒரு வாரம் முன்பே போய்விட்டாள். பட்டுப் புடவை, குழந்தைக்கு வாங்கிய சங்கிலி, கேக் எல்லாம் என் பொறுப்பு.

வால்வு உள்ளங்கையில் அடங்குகிற சாமான். அதைப் பிடித்துவைக்க மூன்று சின்ன போல்ட்டுகள். பழையதைக் கழற்றி, அதன் கிழிந்த ரப்பரை விரித்து என்னிடம் காட்டினார். புதியதை வைத்தார். முதல் இரண்டு போல்ட்டுகளுக்கு அளவு பார்த்து முடுக்குகிற ரெஞ்ச் நுழைந்தது. போதுமான இறுக்கம் வந்ததும் அது டக்கென்று சத்தம் போட்டுச் சொல்லிவிடும். மூன்றாவது போல்ட்டு இஞ்சினுக்குப் பின்பக்கம் திரும்பி இருந்தது. அங்கே ரெஞ்ச் நுழையாது. மேலிருந்து கை எட்டும், கண் எட்டாது. எல் போல வளைந்த குட்டையான ஆலன் கீ ஒன்றைச் செருகி விரலின் உணர்வில் முடுக்க வேண்டியதுதான். அவர் முடுக்கினார். கையை எடுத்து உதறினார். மறுபடி விட்டு முடுக்கினார். தளர்த்தி மறுபடி முடுக்கினார். நான் தங்கையோடு போனில் கேக்கைப் பற்றிச் சண்டை போட்டுக்கொண்டிருந்தேன்.

"மேடம், ஒரு தடவ கைய விட்டுப் பாருங்க."

"வேணாம்ணா. இப்பதான் மெகந்தி போட்டேன். நீங்க பண்ணா சரியாத்தான் இருக்கும்."

அவர் நின்றார். அந்த ஆலன் கீயை ஒரு துணியில் சுற்றி என் டேஷ்போர்டு பெட்டிக்குள் வைத்தார். "வழியில எங்கயாவது நிறுத்துனீங்கன்னா" என்று ஆரம்பித்தார். நான் வண்டியைக் கிளப்பிவிட்டேன். வண்டி பாய்ந்தது. படபடப்பு போயே போய்விட்டது. அந்த மனிதரைக் கட்டிக்கொள்ளலாம் போல இருந்தது எனக்கு.

ஞாயிற்றுக்கிழமை ஆறரை மணி. ஓசூர் தாண்டி ஒரு டீக்கடையில் நின்றிருந்தபோது போன் அடித்தது.

"மேடம், நான் உங்க வீட்டு வாசல்ல நிக்கறேன். வண்டியக் காணோம்."

"நான்தான் விடியறதுக்கு முன்னாடியே கெளம்பிட்டேனேண்ணா. கிருஷ்ணகிரின்னு சொன்னேன்ல."

"அந்த மூணாவது போல்ட்டு மேடம். நான் முடுக்குனேனா இல்லியான்னு டவுட்டா இருக்கு. பத்து நிமிஷம் இஞ்சின ஆறவிடுங்க. மேல இருந்து கைய விட்டு, அந்தக் கீயப் போட்டு ஒரு தடவ திருப்பிப் பாருங்க. திரும்பலன்னா சரி. அவ்ளோதான். தயவு பண்ணிப் பாருங்க மேடம்."

பார்க்கிறேன் என்று வைத்தேன். பார்க்கவில்லை. கட்டியிருந்தது மாம்பழ நிறப் பட்டு. இஞ்சின் கொதித்துக்கொண்டிருந்தது. பத்து நிமிடம் என்னிடம் இல்லை என்று நினைத்துக்கொண்டேன். டீக்கு மட்டும் இருந்திருக்கிறது, பாருங்கள்.

கால் மணி நேரம் கழித்து, நான் ரோட்டில் நல்ல வேகத்தில் போய்க்கொண்டிருந்தபோது மறுபடி அடித்தது. ஸ்பீக்கரில் போட்டேன்.

"மேடம், போல்ட்டு?"

"ஆய்த்துண்ணா, ஆய்த்து."

சரி சரி, பார்க்கிறேன், விடுங்கள் என்பதுதான் நான் சொன்னது. முன்னால் லாரி ஒன்று வழி விடாமல் போய்க்கொண்டிருந்தது, என் கவனமெல்லாம் அதில்.  மறுமுனையில் அவர் குரல் வந்தது. ஐந்து வருடப் பழக்கத்தில் நான் அவரிடம் கேட்டிராத குரல்.

"பாத்துட்டீங்களா! டைட்டா இருந்திச்சா மேடம்?"

அந்த இடத்தில் ஒரு வார்த்தை போதும். இல்லண்ணா, இனிமேல்தான் பார்க்கணும் என்றால் முடிந்தது. ஆனால் அவருக்கு அவ்வளவு நிம்மதி, எனக்கு அவ்வளவு அவசரம்.

"ம். டைட்டா இருக்கு. திரும்பவே இல்ல."

"அப்பாடா" என்றார். "போதும் மேடம். எனக்கு அது போதும்." போனை வைத்துவிட்டார். அவர் மறுபடி ஒரு கேள்வி கேட்காமல் போனை வைத்தது அதுதான் முதல் தடவை.

ஒன்றரை மணி நேரம் கழித்து மாதா கோவிலில் குழந்தையை ஏந்திக்கொண்டு, சாத்தானையும் அதன் பொய்களையும் விட்டுவிடுவதாக அவள் சார்பில் உரக்கச் சொன்னேன். போனில் அவரிடம் சொன்னது பொய் என்றே எனக்குத் தோன்றவில்லை. மத்தியானம் பார்த்துக்கொள்ளலாம் என்று நினைத்தேன். மத்தியானம் பிரியாணி. சாயங்காலம் திரும்பும்போது வண்டி அருமையாக ஓடியது. நன்றாக ஓடுகிற வண்டியின் பானெட்டை யார் திறக்கிறார்கள்?

திங்கட்கிழமை காலை வாசல் மணி அடிக்கவில்லை. செவ்வாயும் இல்லை. அதற்குப் பிறகு என் வண்டிக்கு எந்த வேலை பார்த்தாலும் அவர் மறுநாள் வருவதை நிறுத்திவிட்டார். மற்றவர்கள் வீட்டு வாசலுக்கும் போவது குறைந்துவிட்டதாக அக்கா சொன்னாள். அடுப்பை இரண்டு தடவைதான் அணைக்கிறானாம். ஷெட்டில் என்னைக் கண்டால் அவருக்கு ஒரு தனி மரியாதை வந்துவிட்டது. வருகிறவர்களிடமெல்லாம், "மேடம் பட்டுப் பொடவையோட ஹைவேல நின்னு போல்ட்டு பாத்தவங்க" என்று அறிமுகம் செய்வார். நான் கூச்சப்படுவது போல் சிரிப்பேன். உண்மையைச் சொல்ல வெட்கமாக இருந்தது. அதைவிட, அந்தப் பெருமை எனக்குப் பிடித்திருந்தது. கொஞ்ச நாளில் வண்டியிலிருந்து மெலிதாக ஒரு விசில் கேட்க ஆரம்பித்தது. ஜன்னல் ரப்பராக இருக்கும் என்று பாட்டைக் கொஞ்சம் சத்தமாக வைத்துக்கொண்டேன்.

ஒரு வருடத்துக்கு மேல் ஓடிப்போயிற்று. பிரேக் பேட் மாற்ற விட்டிருந்த வண்டியை எடுக்கப் போனேன். அவர் சாவியை நீட்டினார். நான் வாங்குவதற்குள் அது அவர் விரல்களுக்கு நடுவில் நழுவிக் கீழே விழுந்தது. குனிந்து எடுத்தார். எடுக்க வரவில்லை. இரண்டு தடவை தடவி, கடைசியில் இடது கையால் எடுத்தார். அப்போதுதான் அந்த வலது கையைப் பார்த்தேன். ஆறு வருடமாகப் பார்த்த கை. எப்போதும் கிரீஸ் பூசி, எப்போதும் எதையாவது முடுக்கிக்கொண்டும் உதறிக்கொண்டும் இருந்ததால் அதை நான் கையாகவே பார்க்கவில்லை. கட்டைவிரலுக்குக் கீழே எல்லோருக்கும் ஒரு மேடு இருக்கும். அவருக்கு அது வற்றித் தட்டையாகக் கிடந்தது.

அவரைப் பிடித்து ஸ்டூலில் உட்கார வைத்தேன். கண்ணை மூடச் சொல்லி, ஒரு நட்டையும் ஒரு வாஷரையும் மாறி மாறி அவர் விரல்களுக்கிடையில் வைத்தேன். எது எது என்று அவருக்குச் சொல்லத் தெரியவில்லை. மணிக்கட்டில் நரம்பு நசுங்கிப் போவது அது. ஸ்பானர் பிடிக்கிறவர்களுக்கு வருகிற வியாதிதான். இப்படி யார் வந்தாலும் நான் முதலில் கேட்கிற கேள்வி, கையை அடிக்கடி உதறத் தோன்றுகிறதா என்பது. என் எதிரில் அந்த மனிதர் வருடக்கணக்காக உதறிக்கொண்டு நின்றிருக்கிறார். நான் வீட்டுக்குப் போய் அதே மாதிரி உதறிக் காட்டி அம்மாவைச் சிரிக்க வைத்திருக்கிறேன்.

"எவ்ளோ நாளாண்ணா இப்டி?"

"இருக்கும் மேடம். முடுக்குனா முடுக்குன மாதிரியே கையில தெரியாது. அதுக்குத்தானே காலைல காலைல வந்து பாப்பேன். வண்டிக்காரங்களயே தொட்டுப் பாக்கச் சொல்றதும் அதுக்குத்தான்."

"ஏண்ணா, என்கிட்ட ஒரு வார்த்த சொல்லக்கூடாதா? நான் இந்த வேலதானே செய்யறேன்?"

"மெக்கானிக்குக் கை சரியில்லன்னு சொன்னா யாரு மேடம் வண்டி விடுவாங்க?" என்றார். பிறகு என்னைச் சமாதானம் செய்கிற மாதிரிச் சொன்னார், "டாக்டர்கிட்ட போலாம்னுதான் இருந்தேன். நீங்க கிருஷ்ணகிரி போனீங்கல்ல, அந்த மூணாவது போல்ட்டு. அது முழுக்கக் கை உணர்ச்சியில முடுக்குனது. அன்னிக்கு மனசுல ஒரு முடிவு வெச்சிருந்தேன். அது லூசா இருந்தா கை போச்சு, நேரா ஆஸ்பத்திரி. டைட்டா இருந்தா கை நல்லாத்தான் இருக்கு, மனசுதான் கோளாறுன்னு. நீங்க டைட்டுன்னு சொன்னீங்க. சரின்னு விட்டுட்டேன். இப்பத்தான் கொஞ்ச நாளா ரொம்ப அதிகமாயிடுச்சு."

அக்கா பின்னாலிருந்து, "மனச அடக்குடா அடக்குடான்னு நான்தான் இவனத் திட்டிட்டே இருந்தேன்மா" என்றாள்.

அன்று உண்மையைச் சொல்லாமல், எனக்குத் தெரிந்த ஆஸ்பத்திரியில் நரம்புப் பரிசோதனைக்கு நாள் வாங்கிக் கொடுத்துவிட்டு ஓடி வந்துவிட்டேன். இரண்டு நாள் எந்த நோயாளியின் கையைப் பிடித்தாலும் அந்தத் தட்டையான இடம்தான் கண்ணில் நின்றது. சாப்பிட உட்கார்ந்தால் எழுந்துவிடுவேன். அம்மா, "உனக்கும் அந்த மெக்கானிக் வியாதி ஒட்டிக்கிச்சா?" என்று கேட்டாள்.

அறுவைச் சிகிச்சை பிற்பாடு நல்லபடியாகவே நடந்தது. குடைச்சல் நின்றது. விரல் நுனியில் உணர்வு முழுதாகத் திரும்பவில்லை. ஒரு வருடம் முன்னால் வந்திருந்தால் பெரும்பாலும் திரும்பியிருக்கும் என்று டாக்டர் அவரிடம் சொன்னார், நானும் பக்கத்தில் இருந்தேன். ஷெட்டை டிங்கரிங்காரரிடம் ஒப்படைத்துவிட்டு உதிரிபாகக் கடை ஒன்றில் கவுண்ட்டரில் நின்றார். அப்புறம் அக்காவோடு கோலார் பக்கம் போய்விட்டார். இதெல்லாம் பின்னால் நடந்தது. நான் சொல்ல வேண்டியது சாவி விழுந்த மூன்றாம் நாள், வியாழக்கிழமை, நடந்ததை.

முதல் நோயாளிக்குப் போகும் வழியில் வண்டியை ஷெட்டுக்குத் திருப்பினேன். இஞ்சினை நிறுத்திவிட்டு இறங்கி, எங்கே தைரியம் போய்விடுமோ என்று ஒரே மூச்சில் சொன்னேன்.

"அண்ணா, அன்னிக்கு நான் பாக்கல."

"எத மேடம்?"

"மூணாவது போல்ட்ட. பானெட்டயே தொறக்கல. டைட்டா இருக்குன்னு சும்மா சொல்லிட்டேன்."

திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவர் சுவரில் மாட்டியிருந்த ஆலன் கீகளில் குட்டையான ஒன்றை இடது கையால் எடுத்தார். என்னிடம் கொடுத்தார்.

"ஆறட்டும். பத்து நிமிஷம்."

பானெட்டைத் திறந்து வைத்துவிட்டு இரண்டு பேரும் பக்கத்தில் பக்கத்தில் நின்றோம். அவர் கையை உதறவில்லை, அக்குளில் இடுக்கிக்கொண்டிருந்தார். அந்தப் பத்து நிமிடமும் நான் வேண்டிக்கொண்டது ஒன்றே ஒன்றுதான். அது டைட்டாக இருந்துவிட வேண்டும். இருந்துவிட்டால் அன்று நான் சொன்னது பொய்யில்லை, அவர் கை அன்று நன்றாகத்தான் இருந்தது, வீணாய்ப் போன ஒரு வருடத்துக்கு நான் காரணமில்லை.

குனிந்து கையை விட்டேன். விரலால் தேடி போல்ட்டின் தலையைக் கண்டுபிடித்து, கீயைச் செருகி, மெதுவாக முடுக்கிப் பார்த்தேன். பலமே வேண்டியிருக்கவில்லை. அது பாட்டுக்குச் சுற்றியது.

"என்ன மேடம்?"

உள்ளே இருந்தது என் கை மட்டும்தான். இன்னொரு தடவை பொய் சொல்லியிருந்தாலும் அவருக்குத் தெரிந்திருக்காது.

"சுத்துதுண்ணா."

"எவ்ளோ?"

"அரைச் சுத்துக்கு மேல போவுது."

அவர் தலையை ஆட்டினார். "அப்ப அன்னிக்கே கை போயிருக்கு" என்றார், யாருடைய வண்டியைப் பற்றியோ சொல்வது போல. நான் குனிந்தபடியே இருந்தேன். நிமிர்ந்து அவர் முகத்தைப் பார்க்க என்னால் முடியவில்லை. மன்னிப்பு என்று ஏதோ சொல்ல ஆரம்பித்தேன். அவர் கேட்கவில்லை, பானெட்டின் ஓரத்தில் கையை ஊன்றிக்கொண்டு உள்ளே எட்டிப் பார்த்தார். அங்கே அவர் பார்க்க ஒன்றும் இல்லை.

"முடுக்கி விட்டுடுங்க மேடம்" என்றார். "உங்க கை நல்லாத்தானே இருக்கு."

குத்திக் காட்டிச் சொன்னதில்லை. அவருக்கு அது வராது. நான் முடுக்கினேன்.